முற்றத்து ஆங்கிலம்

எழுபதுகளின் முற்பகுதியில் கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வரிசை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பாணுக்கு விடியுமுன்னரே வரிசை. சங்கக்கடையில் சீனிக்கு வரிசை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்த பிறகு, அந்நியச் செலாவணி போதாமல் இறக்குமதிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மைசூர்ப் பருப்பு கண்ணில் படாமல் போனது. உருளைக்கிழங்கும் பம்பாய் வெங்காயமும் விருந்துக்குரிய பண்டங்களாயின. செத்தல் மிளகாயின் விலையைக் கேட்டு அம்மம்மா நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். 1973இல் அரசாங்கம் ‘உணவு உற்பத்திப் போர்’ என்று அறிவித்தது. அந்த வருஷக் கடைசியில் அரபு நாடுகள் ஏற்றுமதியை இறுக்கிப் பிடிக்க, உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை சில மாதங்களுக்குள் நாலு மடங்காக ஏறிற்று. மரவள்ளி நடுங்கள், மிளகாய் நடுங்கள், ஒரு சாண் நிலத்தையும் சும்மா விடாதீர்கள் என்று வானொலி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்திலும், கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டுப் பின்விறாந்தையிலும் படித்ததைச் சொல்கிறேன்.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கல், அதற்கப்பால் கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் யன்னல் கண்ணாடியெல்லாம் உப்புப் படிந்து மங்கிப்போகும். வீட்டுக்கு முன்னால் புல்தரையும் குரோட்டன் வரிசையும் அம்மம்மாவின் ரோசாச் செடிகளும். பின்னால் கிணறு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வெள்ளவத்தையில் எங்கே வீடு பிடித்தாலும் பின்வளவில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றிவிடுவார்கள்.

அம்மப்பா விவசாயத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகப் பேராதனையில் பல வருஷம் இருந்தவர். தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு வந்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையை எழுத மனமில்லாமல் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, மகளோடு வந்து சேர்ந்தார். வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம். பேராதனைப் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த எச்.எஃப். மக்மிலன் வெப்பவலயத் தோட்டக்கலை பற்றி எழுதி 1910இல் முதலில் வெளியான தடித்த நூல் அதற்குள் இருந்தது. ஃபெர்குசன் குடும்பத்தார் 1881இல் கொழும்பில் தொடங்கிய ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ சஞ்சிகையின் பழைய இதழ்கள் செல்லரித்த ஓரங்களோடு கட்டுக்கட்டாக இருந்தன. ஒக்ஸ்போர்ட் அகராதி ஒன்று, முதுகு கழன்று, சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

உணவு உற்பத்திப் போர் அறிவிக்கப்பட்டதும் அம்மப்பா முன்முற்றத்துப் புல்தரையை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். அம்மம்மாவின் ரோசாக்களுக்கு மட்டும் விலக்கு. குரோட்டன் வரிசை போயிற்று. பள்ளி விடுமுறையாகையால் மண்ணைக் கிளறுகிற வேலைக்கு நானும் தம்பியும் அகப்பட்டோம்.

எங்களுக்குக் கிடைத்த மண்வெட்டி பழையது. அதன் அலகில் ஒரு முதலை பொறித்திருந்தது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துச் சில்லிங்டன் கம்பனி செய்த ‘முதலை மார்க்’. புது மண்வெட்டி வாங்குவது அந்நாளில் லேசான காரியம் இல்லை. அம்மப்பா அதைத் தேங்காய்ப் பொச்சால் துடைத்து, அலகுக்குத் தேங்காயெண்ணெய் பூசித்தான் வைப்பார். அன்று மாலை அவர் பெட்டியிலிருந்து பழைய திணைக்களப் படிவம் ஒன்றை எடுத்து, ஆயுதங்களின் பட்டியலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

“இதை வாசி பாப்பம், பிள்ளை.”

நான் எழுத்துக் கூட்டினேன். “ம... மோ... ட்டி.”

“பகல் முழுக்கக் கையிலை என்ன வைச்சிருந்தனி?”

“மண்வெட்டி.”

“அதுதான் இது. தோட்டத்துரைமார் எங்கடை ஆக்களின்ரை வாயைப் பாத்துப் படிச்ச சொல்லு. இந்த அகராதிக்காரரும் ஏத்து எழுதியிருக்கினம்.”

எங்கள் தலைமுறை தாய்மொழியிலேயே படித்த தலைமுறை. ஐம்பதுகளில் வகுப்பறைகள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாறியிருந்தன. நாங்கள் போனபோது ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். உத்தியோகமும் மதிப்பும் மட்டும் இன்னும் ஆங்கிலத்தின் கையில்தான் இருந்தன. பிற்காலத்தில் பல்கலைக்கழகத்துச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டிப்போடுகிற ஆயுதம் என்பது அவர்கள் கண்டது. எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த வெட்டுக்குப் பயந்து வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார்கள். எனக்கு அந்த மொழி வாளாக வந்து சேரவில்லை, மண்வெட்டியாக வந்தது. அது நான் பெற்ற பேறு என்று இப்போதும் நினைக்கிறேன்.

அம்மப்பா எனக்கொரு சீ.ஆர். கொப்பி வாங்கித் தந்தார். அதில் எழுதுவதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: தொட்டதை எழுது. கையால் தொடாத, மூக்கால் மணக்காத ஒரு பொருளின் பெயர் அந்தக் கொப்பிக்குள் வரக்கூடாது. பாடப்புத்தகத்தில் இருந்த ‘டாஃபடில்’ பூவுக்கு அதில் இடமில்லை. மண்ணுக்கு இடமிருந்தது.

மண்தான் முதல் பாடம். ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளி, கையை இறுக்கிப் பொத்தி, பிறகு விரிக்க வேண்டும். எங்கள் முற்றத்து மண்ணில் பாதிக்குமேல் கடல் மணல். விரலைத் திறந்ததும் சரிந்துவிடும். கிணறு இறைத்தபோது அடியிலிருந்து எடுத்துப் போட்ட களி, கைரேகை பதிந்த கட்டியாக அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பெருவிரலால் மெல்லத் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். களியையும் மணலையும் மக்கிய சாணியையும் ஒழுங்கையில் கூட்டி அள்ளிய சருகையும் கலந்து, மழைக்கு விட்டு, கொத்திப் புரட்டி, மறுபடி மழைக்கு விட்டு, ஐப்பசி மழையும் முடிந்த பிறகுதான் அப்படி ஒரு பிடி மண் எங்கள் கையில் வந்தது. அன்று இரண்டு சொற்கள் கொப்பியில் ஏறின. களியும் மணலும் வண்டலும் அளவாகச் சேர்ந்த மண் ‘லோம்’. கொத்தி, கிளறி, எரு இட்டு, விதை ஏற்கத் தயாராக இருக்கும் அதன் பதம் ‘தில்த்’.

“லோம் மண்ணின்ரை பிறப்பு,” என்றார் அம்மப்பா. “தில்த் வளர்ப்பு.”

அடுத்தது ஈரத்தைக் காப்பாற்றுகிற பாடம். மணல் கலந்த நிலத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போகும். தென்னந்தோட்டக்காரர் செய்வதைப்போல அம்மப்பா பாத்திக்குக் கீழே கால்வாய் வெட்டி, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் வானம் பார்க்க அடுக்கி மூடினார். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மேலே தும்புத் தூளும் காய்ந்த ஓலையும் பரப்பினோம். பள்ளிக்கூடத்து விவசாயப் புத்தகம் அதைப் பத்திரக்கலவை என்றது, மக்மிலன் ‘மல்ச்’ என்றார். வெயிலேறிய நேரத்தில் ஓலையை விலக்கிக் கீழே கைவைத்துப் பார்க்கச் சொல்லுவார் அம்மப்பா. மேலே சுடும், கீழே கை குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் எனக்கு அச்சொல்லின் அர்த்தம். உப்புக் காற்றைத் தடுக்கக் கடல் பக்கமாகக் கிடுகு வேலி எழுந்தது. கிடுகுக்கு இலங்கை ஆங்கிலத்தில் ‘கஜன்’ என்று ஒரு பெயர் உண்டென்பதும், அது மலாய்க்காரரிடமிருந்து வந்ததென்பதும் கொப்பியில் ஏறின.

கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், மிளகாய், ஓரத்தில் மரவள்ளி. புடலங்காய் வளையாமலிருக்கப் பிஞ்சின் நுனியில் கல் கட்டுவது தம்பியின் வேலை. அடுப்புச் சாம்பலைப் பனியோடு கத்தரி இலையில் தூவுவது என் வேலை. மரவள்ளிக் கிழங்கு அவித்த அன்று வீட்டில் இஞ்சி தொடக்கூடாது என்பது அம்மம்மாவின் கண்டிப்பு. தெற்கிலும் வடக்கிலும் எல்லா இனத்தவரும் அந்த நம்பிக்கையை வைத்திருந்தார்கள். மூடாமல் அவிக்க வேண்டும், முதல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்பதும் அவர் சொல்லித் தந்ததுதான். கிழங்கிலிருக்கும் நச்சுச் சத்து அப்படித்தான் போகும்.

கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்த வாளியை ஒருநாள் நிமிர்த்தியபோது, அதற்கடியில் எப்போதோ விழுந்த ஒரு பயிற்றம் விதை முளைத்திருந்தது. வெளியில் அதே வயதுடைய முளைகள் ஒரு விரல் உயரம், கரும்பச்சை. இது மூன்று மடங்கு நீளம். தண்டு மெழுகு நிறம். இலை இரண்டும் விரியாமல் மஞ்சளாக ஒட்டிக்கிடந்தன. வாளி விளிம்பில் இருந்த ஒரு வெடிப்பை நோக்கி அந்தத் தண்டு முழுவதும் வளைந்திருந்தது. அம்மப்பா அதைப் பிடுங்க விடவில்லை. குந்தியிருந்து வெகுநேரம் பார்க்க வைத்தார். வெளிச்சத்தைத் தேடி ஓடுகிற ஓட்டத்தில் உடம்பு வைக்க மறந்துவிட்ட பயிர் என்றார். ‘எட்டியொலேட்டட்’ என்ற அந்தச் சொல்லை இன்றும் எங்கே வாசித்தாலும் அந்த வெடிப்பு என் கண்ணில் தெரியும். நாங்கள் அந்த முளைக்கு ஒரு கோல் நட்டுக் கொடுத்தோம். சில நாளில் இலை விரிந்து பச்சை பிடித்தது. தண்டு மட்டும் கடைசிவரை மெலிவாகவே இருந்தது.

நுவரெலியாவில் வேலை பார்த்த பெரியப்பா சலாது விதை அனுப்பினார். மலைநாட்டில் மூட்டை மூட்டையாக விளைகிற இலை எங்கள் வெக்கையில் நாலு இலை விட்டதுமே நடுத்தண்டை உயர்த்திப் பூக்கத் தொடங்கியது, இலையும் கசந்தது. அதற்கு ‘போல்ட்’ என்று பெயர். கதவுத் தாழ்ப்பாளுக்குச் சொல்கிற அதே சொல், குதிரை மிரண்டு பாய்வதற்குச் சொல்கிற அதே சொல், இங்கே வெப்பத்துக்கு அஞ்சிய பயிர் அவசர அவசரமாக விதை வைத்துவிட்டுப் போவதைச் சொல்லியது. பயிற்றை காய்த்து ஓய்ந்த பிறகு பிடுங்கிப்போடும் காய்ந்த கொடிக்கு ‘ஹோம்’ என்பார்கள்; எழுத்தில் ஓர் ‘எல்’ உண்டு, நாக்கில் இல்லை. அதையும் வீசிவிடாமல் அடுத்த பாத்திக்கு மூடாக்காகப் போட்டோம்.

காய்கறி வெள்ளவத்தையில் என்றால், எண்ணெய் கொட்டாஞ்சேனையில்.

புறக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் ஏறி, ஜம்பட்டா வீதிப் பக்கம் இறங்கினால் மாமா வீடு. பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் கட்டி எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் அங்கே; நடந்து போகிற தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்; மேட்டின்மேல் புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம். எல்லா ஊர்த் தமிழும் அந்தத் தெருக்களில் கேட்கும். துறைமுகத்துக் காற்றோடு கொப்பரா மணமும் வரும். மாமா கிராண்ட்பாஸ் பக்கமிருந்த ஓர் எண்ணெய் ஆலையில் மேற்பார்வை வேலையில் இருந்தார். அவருடைய சட்டையிலும் தலையணையிலும் அதே மணம்தான்.

மாமா பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். ஆலையில் வழங்கிய ஆங்கிலச் சொற்களை எல்லாம் செவிவழியாகப் பிடித்து வைத்திருந்தார். பின்விறாந்தையில் பழைய சாராயப் போத்தல்களில் எண்ணெய் மாதிரிகள் வரிசையாக நிற்கும். அம்மப்பாவின் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டதும், “என்ரை வேலையையும் எழுது, குஞ்சு” என்று என்னை ஆலைக்கே கூட்டிப்போனார்.

அந்த இரைச்சலும் வெக்கையும் இன்னும் என் தோலில் இருக்கின்றன. வாசலில் கொப்பரா மலையாகக் குவிந்திருந்தது. தேங்காய்ப் பருப்பில் பறித்தவுடன் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சிரட்டைத் தணலின்மேல் பரண் போட்டு வாட்டி, அதை நூற்றுக்கு ஆறு அளவுக்குக் குறைத்தால்தான் நல்ல கொப்பரா. ஒரு தொன் கொப்பராவுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் தேங்காய் போகும். மாமா ஒரு துண்டை எடுத்து ‘டக்’கென்று முறித்துக் காட்டினார். முறிகிற சத்தத்தில் காய்ச்சல் தெரிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். நொறுக்கி, சூடாக்கி, இரும்புக் குழாய்க்குள் சுழலும் பெரிய திருகாணியின் வாயில் கொட்டுகிறார்கள். திருகாணி தள்ளத் தள்ள இடம் ஒடுங்கிக்கொண்டே போகும். பக்கச் சட்டங்களின் இடுக்கு வழியாக எண்ணெய் வியர்த்து வழியும். மறுமுனையில் சக்கை சூடான தகடு தகடாக உடைந்து விழும். அமெரிக்காவில் வலேரியஸ் அண்டர்சன் என்பவர் 1900இல் உருவாக்கிய ‘எக்ஸ்பெல்லர்’ அது. ஊரில் மாடு சுற்றிவரும் செக்கைப் பார்த்திருந்த எனக்கு, உலக்கை நிமிர்ந்து நின்று செய்கிற வேலையைத் திருகாணி படுத்துக்கொண்டு செய்கிறது என்று அன்று விளங்கியது.

தொட்டியில் தெளியவிட்ட எண்ணெயின் அடியில் சேறாகத் தங்குவதை மாமா அகப்பையால் கோலி என் உள்ளங்கையில் விட்டார். மங்கலாக, கொழகொழவென்று, விரலுக்கிடையில் சிறு துகள் உரசியது.

“இதுக்கு ‘ஃபுட்ஸ்’ எண்டு பெயர்.”

“காலா, மாமா?”

“அடியிலை கிடக்கிறதாலை அப்பிடிச் சொல்லுறாங்கள் போலை. எங்களுக்குக் கசண்டு. இதுவும் வீண்போகாது பிள்ளை, சவர்க்காரம் செய்யப் போகும்.”

அன்று இரவு அம்மப்பாவின் அகராதியில் தேடினேன். எண்ணெயின் அடிமண்டி என்ற அர்த்தத்தில் அந்தச் சொல் அங்கே நின்றது. ஏட்டுப் படிப்பு இல்லாத மாமா, வெள்ளைக்கார வித்துவான்கள் எழுதி வைத்ததை ஓர் அகப்பையில் அள்ளித் தந்திருந்தார். அவர்மேல் எனக்கு அன்று பிறந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

விறாந்தைப் போத்தல்கள் அடுத்த பாடம். ஒரே நாளில் எடுத்த எண்ணெய். ஒன்று இருட்டறையில் இறுக மூடியது, ஒன்று வெயிலில் திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்க்க வேண்டும். மூடியதில் புதுத் தேங்காய் மணம். திறந்ததில் தொண்டையைப் பிடிக்கிற காறல். அதற்கு ‘ரான்சிட்’. காற்றும் வெளிச்சமும் ஈரமும்தான் எண்ணெயின் மூன்று எதிரிகள் என்று மாமா விரல் மடக்கிச் சொல்லுவார். நுவரெலியாப் பெரியப்பா வீட்டில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்திருந்ததையும், அதை வெயிலில் வைத்து உருக்குவதையும் பார்த்திருந்தேன். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறையும். ‘கன்ஜீல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பெரியப்பா வீட்டுப் போத்தல்’ என்று எழுதி வைத்தேன்.

வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது மாமா ஒரு சாக்கில் புண்ணாக்குக் கட்டித் தருவார். அதை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, தண்ணீர் கலந்து மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஊற்றுவோம். நாற்றம் ஒழுங்கை முழுக்கப் பரவும். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்த சிங்கள அக்கா “புன்னக்கு த?” என்று எட்டிப் பார்த்துச் சிரிப்பார். எதிர்வீட்டுப் பறங்கி மாமி அதைப் ‘பூனாக்’ என்பார். அந்த வடிவில்தான் அது ஆங்கில அகராதியிலும் இருக்கிறது. யாரும் யாரையும் திருத்தவில்லை. மூன்று வீட்டுப் பாத்திக்கும் ஒரே வாளியிலிருந்து போயிற்று. பதிலுக்குச் சிங்கள அக்கா வீட்டிலிருந்து கோப்பி மரத்தடிப் பொன்னாங்காணியும், மாமி வீட்டிலிருந்து எலுமிச்சையும் வந்தன. கொப்பராவிலிருந்து எண்ணெயும், எண்ணெயிலிருந்து சக்கையும், சக்கையிலிருந்து மிளகாயும் வருகிற வட்டத்தை நான் அந்த மதிலடியில்தான் முழுதாகக் கண்டேன்.

அந்தக் கொப்பியில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் முருங்கைக்குரியது. எட்டாத உயரத்தில் விட்டுப்போன காய்கள் மரத்திலேயே நெற்றாகிக் காற்றில் கலகலக்கும். ஒரு பங்குனி வெயிலில் அம்மப்பா கொக்கத்தடியால் அவற்றைப் பறித்து, திண்ணையில் உட்கார்ந்து பிளந்தார். பஞ்சு போன்ற தக்கைக்குள் கறுப்புக் கொட்டை. ஒவ்வொன்றுக்கும் மூன்று காகிதச் சிறகு. ஊதினால் சுழன்றுகொண்டே போய் விழும். சிறகைப் பிய்த்து, ஓட்டை உடைத்து, வெள்ளைப் பருப்பைப் பாக்குவெட்டியின் பின்பக்கத்தால் நசுக்கினார். அதைத் தினகரன் தாளின் ஓரத்தில் வைத்துப் பெருவிரலால் தேய்த்து, தாளை வெயிலுக்கு நேரே பிடித்தார். தேய்த்த இடம் கண்ணாடியாகி, பின்பக்கத்துச் செய்தியின் எழுத்துகள் திரும்பிய வடிவில் தெரிந்தன.

“எண்ணெய்!” என்று கத்தினேன்.

“அதைத்தானே அவங்கள் பெயரிலையே வைச்சிருக்கிறாங்கள்.”

அடான்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் 1763இல் அதன் பேரினத்துக்கு ‘மொரிங்கா’ என்று பெயரிட்டார், எங்கள் முருங்கையேதான். 1785இல் லமார்க் அதோடு ‘ஒலைஃபெரா’ என்று சேர்த்தார். எண்ணெய் தருவது என்று அர்த்தம். நாங்கள் இலையையும் பூவையும் காயையும் தின்றோம். கறிச்சட்டிக்கு வெளியே எறிந்த கொட்டையில் எண்ணெய் இருந்தது. ஐரோப்பியர் அதைப் ‘பென் ஒயில்’ என்றார்கள். எளிதில் காறாது, மணமில்லை என்பதால் அத்தர் செய்வோரும் கடிகாரம் செய்வோரும் அதை விரும்பி வாங்கினார்கள். அம்மப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதில் வைத்தார். “இது மாதிரிச் சக்கரங்கள் ஒரு காலத்திலை முருங்கைக் கொட்டையின்ரை எண்ணெயிலை ஓடினதுகள், பிள்ளை.” அதே மரத்துக்கு இன்னொரு ஆங்கிலப் பெயரும் உண்டு, ‘ஹோர்ஸ்ராடிஷ்’ மரம். ஏனென்று கேட்டபோது அவர் வேரை ஒரு நகக்கீறல் கீறி மணக்கத் தந்தார். கடுகு அரைத்த காரம் மூக்கில் ஏறியது. வாயில் வைக்காதே, நஞ்சு என்று உடனே கையைக் கழுவ அனுப்பினார்.

1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. பருப்பும் வெங்காயமும் திரும்பி வந்தன. வரிசைகள் கலைந்தன. முற்றத்துப் பாத்திகள் ஒவ்வொன்றாகப் புல் மூடின. அம்மப்பாவும் அந்த ஆண்டுகளில்தான் காலமானார். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த வீடு எங்களுடையதாக இல்லை. தகரப் பெட்டியும் புத்தகங்களும் கொப்பியும் அத்தோடு போயின. அதைப் பற்றி எழுத வேறொரு இடம் வேண்டும். கொப்பியில் இருந்த சொற்கள் மட்டும் என்னோடு வந்தன. அவை தாளில் மட்டும் இருந்திருந்தால் அவையும் போயிருக்கும்.

நான் ஆங்கில ஆசிரியையானேன். கொழும்பின் தமிழ்ப் பள்ளிகளில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து, பாடப்புத்தகத்துச் சொற்களைப் பத்துத் தரம் எழுதி, பரீட்சைக்கு ஒப்புவித்து, மறுவாரம் மறந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். புத்திக் குறைவால் அவர்கள் மறக்கவில்லை. சொல்லைத் தந்த நாங்கள் பொருளைத் தரவில்லை. ஒரு தொட்டி மண்ணை வகுப்புக்குள் கொண்டுபோன நாட்களில் நிலைமை வேறாக இருந்தது. கடைசி வாங்கில் தலைகுனிந்து இருக்கிற பிள்ளைதான் முதலில் கையை விட்டு, “மிஸ், இது களி கூட” என்று சொல்லும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ‘லோம்’ என்ற சொல்லை எழுதத் தயக்கம் இருக்காது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே வருஷம் பாமெண்ணெய் இறக்குமதிக்கும் தடை அறிவிக்கப்பட்டது. 2022இல் வரிசைகள் மறுபடி வந்தன, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும். வீட்டுத் தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தர அந்த ஜூன் மாதத்தில் அமைச்சரவை தீர்மானித்தது. பழைய ஒழுங்கையில் இப்போது முற்றங்கள் இல்லை, எல்லாம் அடுக்குமாடி. என் பெறாமகள் தன் ஏழாம் மாடி வாசலில் அரிசிச் சாக்குகளை வரிசையாக அடுக்கி மிளகாய் நட்டாள். அவளுடைய மகன் ஆங்கில மொழிமூலப் பள்ளியில் படிப்பவன். தும்புத் தூளை நனைத்துப் பிழிந்து சாக்கின் மேல் பரப்பச் சொன்னேன். மதிய வெயிலில் அதை விலக்கிக் கீழே கைவைக்கச் சொன்னேன். அவன் கையை எடுக்கவே இல்லை. இதற்குத் தமிழில் என்ன என்று அவன்தான் கேட்டான். பத்திரக்கலவை என்றேன். அவனுக்குத் தமிழும் அன்று மண்ணிலிருந்தே கிடைத்தது.

இலங்கையின் பள்ளிகள் பலவற்றில் தோட்டத்துக்கென்று ஒரு மூலை இருக்கிறது. விவசாயப் பாடம் ஒரு மணியில் நடக்கிறது, ஆங்கிலப் பாடம் இன்னொரு மணியில் நடக்கிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் ஆசிரியர் அறையில்தான் காண்கிறார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையாவது அந்த இருவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றாகப் பாத்தியடிக்குப் போனால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் புத்தகமும் வேண்டாம். ஒரு மண்வெட்டியும், ஒரு சாக்குப் புண்ணாக்கும், எழுதுவதற்கு ஆளுக்கொரு கொப்பியும் இருந்தால், ஆங்கிலத்துக்குப் பயப்படாத ஒரு வகுப்பை ஒரே தவணையில் உருவாக்கலாம். அது முடியும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் அப்படித்தான் உருவானேன்.